குப்பை வண்டி லயத்துக்கு வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த சுற்றாடல் கட்டுரையில், தோட்டப்புற மக்களுக்குக் குப்பை பற்றிய விழிப்புணர்வு இல்லை என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் எல்லோரும் வாசிக்கும் பத்திரிகை என்பதால் மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறோம். இப்போது டவுன் கடைக்குப் போன் பண்ணினால் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு வந்துவிடும். சம்பள நாளில், பிள்ளைகளின் பிறந்தநாளில் நாங்களும் எடுக்கிறோம். ஒரு ஃப்ரைட் ரைஸ் பார்சலைப் பிரித்தால் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி, உள்ளே லஞ்ச் ஷீட் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், மிளகாய்ப் பேஸ்ட்டுக்கு முடிச்சுப் போட்ட குட்டிப் பை, குழம்புக்கு இன்னொரு பை, பிளாஸ்டிக் கரண்டி. ரெஜிபோம் பெட்டிக்கு 2017 செப்டம்பரிலேயே தடை. கரண்டிக்கு 2023 ஒக்டோபரில். உங்களுக்குத் தெரியாததல்ல. விழிப்புணர்வைக் கடைக்காரரிடம் கேட்காமல் எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?

போத்தலென்றால் பழைய சாமான் எடுப்பவர் வாங்கிக்கொள்வார். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் லஞ்ச் ஷீட்டை யார் வாங்குவார்? புதைத்தால் நாய் கிளறிப்போடும். எரித்தால் லயம் முழுக்கப் புகை, பிள்ளைகளுக்கு இருமல். மழை பெய்தால் எல்லாம் தேயிலை மலைக் கானில் (வடிகாலில்) வந்து அடைத்துக்கொள்ளும். கொழுந்துக்குப் போகும் என் மருமகள்தான் அதைக் கையால் இழுத்துப் போடுகிறாள். மிச்சம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் களனி கங்கையில்தான் சேர்கிறது. கொழும்பு குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

குப்பை வண்டி மெயின் ரோட்டோடு போய்விடும். பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்து ரோடு என்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால் சபையின் வேலை என்கிறார்கள். தோட்டத்துக்குள் சபை வேலை செய்வதைப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுக்கிறது என்று எத்தனை காலம் சொன்னார்கள்! 2018இல் அதையும் திருத்தியாகிவிட்டது. சரி, அப்புறம் என்ன தடை? தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சி வாகனமும் அதே ரோட்டில்தான் ஏறி வந்தன.

இந்த மலைகளில் புல் வெட்டியதும் கான் வெட்டியதும் 200 வருடமாக எங்கள் ஆட்கள். அவர்களுக்குத் துப்புரவு தெரியாது என்று அச்சில் பார்க்கப் பொறுக்கவில்லை, ஐயா.

போன மாதம் டவுன் கடைக்கு டிஃபன் கெரியர் கொண்டுபோனேன். அதில் போட்டுத் தர முடியாது, பெட்டியில்தான் தருவோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வாரம் ஒரு தடவை லயத்துச் சந்திக்கு டிரக்டர் அனுப்பச் சொல்லி நாலு வரி போடுங்கள். நாங்கள் கொண்டுபோகும் பாத்திரத்தில் கடைகள் சாப்பாடு போட்டுத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
டிக்கோயா