மாலை ஆறு மணிக்குப் பிறகு நாங்கள் எங்கே உட்காருவது?

தரங்கம்பாடியின் பழைய கட்டடங்களைப் பேணும் துறைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பேரூராட்சிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் பொறையாறு வட்டாரத்தில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. தரங்கம்பாடி மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது என்பதை அப்பத்தாவும் அம்மாவும் சொல்லித்தான் அறிவோம். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிக்கொடுத்த வீடுகள், மராமத்து பார்த்து வெள்ளையடித்த டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கோட்டை, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் ஓடு மாற்றி மரம் மாற்றிப் பிழைக்க வைத்த பொற்கொல்லர் தெருத் திண்ணை வீடுகள் எல்லாம் எங்களுக்கு முதலிலிருந்தே இருப்பவை. புதுப்பிக்கப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த முதல் தலைமுறை நாங்கள். அதனால் புதுப்பித்தது சரியா தவறா என்று வழக்காட வரவில்லை. நன்றாகவே செய்திருக்கிறீர்கள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு ஆளுநர் மாளிகை எழுந்து நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கும் பெருமைதான்.

எங்கள் கேள்வி சிறியது. இத்தனை கட்டடங்களில் ஒன்றிலாவது, வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவி இரண்டு மணி நேரம் உட்கார இடம் உண்டா?

ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக உறைக்காது. கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலில் கைப்பந்து ஆடுவார்கள், இருட்டியதும் படகுகளின் மேல் ஏறி உட்கார்ந்து பேசுவார்கள், தேநீர்க் கடை வாசல் எந்நேரமும் அவர்களுடையது. எங்களுக்குக் கிடைப்பது பஸ் நிறுத்தம். பஸ் வரும்வரை நிற்கலாம். வந்த பிறகும் ஏறாமல் நின்றால் "எந்த வீட்டுப் பெண்?" என்ற கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடும். கடற்கரையில் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து நடந்தால்கூட, இருட்டத் தொடங்கியதும் யாராவது ஒரு பெரியவர் அக்கறையோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். அவர்மீது குற்றம் இல்லை. விளக்கு குறைவு, கழிப்பறை தேடினாலும் கிடைக்காது, ஆள் நடமாட்டமும் அடங்கிவிடும். அந்த இடத்தில் தம் மகளை விட அவருக்கும் மனம் வராது.

இதே தெருக்களில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வருகிற ஜோடிகளை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று சிரிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு மேசையும் மின்விசிறியும் போட்டால் நாங்கள் தேர்வுக்குப் படிப்போம்.

ஒரு ஊருக்குப் பொருந்தாத ஆசையாக இதை நினைக்காதீர்கள். 1706-இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் வந்திறங்கிய கரை இது. அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்கென்று இங்கே பள்ளி தொடங்கியதாகப் பாடநூலில் படித்தோம். சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் வந்தது, 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. காகிதம் தட்டுப்பட்டபோது பொறையாறிலேயே பட்டறை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பெண்களைப் படிக்க வைத்த ஊர் என்று பலகை எழுதுவது சுலபம். பலகை எழுதும் கையோடு ஒரு படிப்பகத்தையும் திறந்தால், பலகையைப் படிக்க வருகிறவர்களுக்கு நேரிலேயே காட்டலாம்.

ஓய்வு நேரம் என்று பொதுவாகச் சொல்கிறோம். எங்கள் வகுப்பிலேயே அது ஆளுக்கு ஆள் வேறு. மயிலாடுதுறைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதுதான் ஓய்வு. 1926 முதல் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிய ரயிலை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அது ஓடியிருந்தால் அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்திருப்பார்கள். திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கும் வெளிமாநில மாணவர்கள் விடுமுறை நாளில் எங்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். பார்த்து முடித்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் காரைக்காலுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கோ வீடு திரும்பியதும் வேலை காத்திருக்கும். வலையில் சிக்கெடுக்க வேண்டும், ஏலத்துக்குப் போன அம்மா திரும்புவதற்குள் உலை வைக்க வேண்டும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பா வீட்டில் இருப்பார், பணம் இருக்காது. சரியாக அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பருவத் தேர்வும் வரும். ஒரே அறையில் தொலைக்காட்சி, விருந்தாளி, கடன் கேட்டு வந்தவர், நடுவில் நான், என் பொருளியல் புத்தகம். சுனாமி வீடுகளைக் குறை சொல்லவில்லை. அவை கட்டப்பட்டபோது நாங்கள் கல்லூரிக்குப் போவோம் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே கேட்கிறேன். ஆளுநர் மாளிகை வேண்டாம். கோட்டையும் வேண்டாம். சீரமைத்த திண்ணை வீடுகளில் ஒன்றை, முற்றம் உள்ள ஒன்றாக இருந்தால் நல்லது, மாலை நான்கிலிருந்து எட்டு வரை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். உள்ளே பத்து நாற்காலி, நாளிதழ்கள், கேரம் பலகை, குடிநீர், பூட்டு வேலை செய்கிற கழிப்பறை. கேரம் பலகையைப் பார்த்ததும் நிதி ஒதுக்கும் அதிகாரி முகம் சுளிக்கலாம். படிக்க மட்டும்தான் இடம் என்றால் வீட்டில் அனுப்ப ஒப்புக்கொள்வார்கள், நாங்கள்தான் ஒரு வாரத்தில் வராமல் நின்றுவிடுவோம். தோழிகளோடு சத்தமாகச் சிரிக்கவும் ஒரு கூரை வேண்டும்.

அந்த வீட்டிலிருந்து, 1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி, பிரதான சாலையின் பஸ் நிறுத்தம் வரை எரிகிற தெருவிளக்குகள் வேண்டும். எட்டரை மணிக்கு இரு திசையிலும் ஒரு பஸ் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வீட்டை மட்டும் திறந்தால் அதுவும் ஆண்பிள்ளைகளின் மன்றமாகிவிடும்.

கடலைப் பற்றியும் ஒன்று. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அருகே அலைதடுப்புக்குப் போட்ட கருங்கற்களின் மேல் ஏறிப் படம் எடுக்காத வெளியூர் மாணவர் அபூர்வம். 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயிலையே பாதி தின்ற கடல் அது. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரியும், ஏனென்றால் குதித்துத் தேடப் போவது அவர்கள்தான். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அவர்களே படகை இறக்க யோசிக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையோடு விட்டுவிடாமல், நீந்தத் தெரிந்த எங்கள் ஊர் இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து உயிர்காப்பாளர்களாக நிறுத்துங்கள்.

வழிகாட்டி வேலைக்கும் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. இப்போது வருகிறவர்களுக்கு 'ஓசோன் நிறைந்த கடற்கரை' என்ற கதைதான் கிடைக்கிறது. வேதியியல் படிக்கும் என் தோழி இதைக் கேட்டாலே பொறுமை இழந்துவிடுவாள். தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பாள். நாம் கடல்வாசம் என்று இழுத்துவிடும் மூச்சில் மணப்பது பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. அவளுக்கு வார இறுதியில் கூலி கொடுத்துப் பயணிகளோடு அனுப்பிப் பாருங்கள். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனியர்களுக்கு இடம் கொடுத்ததையும் சொல்வாள், காற்றைப் பற்றிய உண்மையையும் சொல்வாள்.

ஒன்றை மட்டும் செய்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மாணவர்களுக்குப் பொழுதுபோக்கு என்ற பெயரில் கரையை 'அழகுபடுத்த' வந்து, வலை உலர்த்தும் மணலையும் கருவாடு காயும் இடத்தையும் வேலியிட்டு எடுத்துவிடாதீர்கள். ஊர்ப் பெயருக்கு முன்னால் இதயம் வரைந்த பெரிய விளக்கெழுத்துகளும் வேண்டாம். அந்தச் செலவில் எங்கள் தெருவிளக்குகளே எரிந்துவிடும். கரையில் எதைச் செய்வதானாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தை முதலில் கேளுங்கள். அங்கே பெண்கள் அதிகம் பேச வாய்ப்பில்லை என்பதால் எங்களையும் தனியாகக் கேளுங்கள்.

வீட்டைத் திறந்து மூடவும், கூட்டிப் பெருக்கவும், வருகைப் பதிவேடு எழுதவும் முறைவைத்து நாங்களே வருகிறோம். முதல் ஆறு மாதம் சோதனையாக நடத்திப் பாருங்கள். சரிப்பட்டு வராவிட்டால் சாவியைத் திருப்பித் தருகிறோம். புதிய கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு மாலையில் வந்து எங்களோடு பேசினால் எந்த வீடு, எத்தனை விளக்கு, எந்தத் தடத்துப் பஸ் என்று கையில் பட்டியலோடு காத்திருப்போம்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி மாணவி ஒருத்தி