சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியில் உதவிய அண்ணனுக்கு

சனிக்கிழமை மாலை மின்தூக்கிக்குப் பக்கத்தில் மேசைக் கணினியைக் கட்டிப்பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தவன் நான்தான். உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அண்ணே.

ஒரே ரக மதர்போர்டு வாங்கி, எனக்கும் தங்கைக்கும் நானே பூட்டிய இரண்டு கணினிகள். காப்புநகல் மென்பொருளோ இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தது. என் கோப்புகள்மேல் அவள் கோப்புகள் ஏறின. கணினிப் பெயரை மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன். பலனில்லை. ஒரு கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள்.

நீங்கள் தெரிந்த கடையில் திரையும் விசைப்பலகையும் இரவல் வாங்கி, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஒரே ஒரு வரி தட்டினீர்கள். காப்புநகல் மென்பொருள் கணினியை அடையாளம் காணும் எண்ணான யூயூஐடி வந்தது: 03000200-0400-0500-0006-000700080009. "இது அடையாள எண்ணா, வாய்ப்பாடா?" என்று சிரித்தீர்கள். தங்கையின் கணினியிலும் அதே எண்தான் என்று பிறகு பார்த்தேன்.

128 பிட் நீளமுள்ள அந்த எண் வன்தட்டில் இல்லை, போர்டில் கணினியைத் தொடக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பில் இருக்கிறது. உதிரியாக விற்கும் போர்டுகள் சிலவற்றில் தனித்தனி எண் நிரப்பாமல் மாதிரி எண்ணையே விட்டுவிடுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மூன்று வாரம் நான் தவறான இடத்தில் தோண்டியது புரிந்தது.

எண்ணை உடனே மாற்றிவிடாமல், வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை ரசீதின் பின்பக்கம் எழுதவைத்தீர்களே, அந்த நிதானத்துக்குத் தனி நன்றி. பிட்லாக்கரை நிறுத்திவைத்து, புதிய எண்ணை எழுதி, மறுதொடக்கம் செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. பாலில்லாத தேநீர், ஒரு தே-ஓவாவது குடித்திருக்கலாம், அண்ணே. ரசீது இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.