சீகைய வெட்டுனா மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீலகிரியில சீகை (வாட்டில் மரம்) மாதிரி அந்நிய மரங்கள எடுக்கப்போறாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல வருது, சந்தோஷம்தான், ஆனா வெட்டுனதுக்கு அப்புறம் அந்த எடத்த யாரு பாத்துக்கப் போறாங்கன்னு நான் படிச்ச எந்த நியூஸ்லயும் ஒரு வரி கூட இல்ல.

சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 1840-கள்ல வெள்ளைக்காரங்க காலத்துல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறமும் நிக்கல, தோல் பதனிட சீகைப்பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு கூழ் மரம்னு புல்லு மலைய எல்லாம் மரத்தோட்டம் ஆக்கிட்டாங்க. வரையாடு மேயற எடத்த, தோடர் கோயிலுக்கு கூரை வேயற புல்லு வளர்ற எடத்த, தரிசுன்னு நெனச்சாங்களே, அதான் இன்னிக்கும் மனசு ஆறல.

சீகை விதைக்கு தோல் ரொம்ப கெட்டி. மண்ணுல பல வருஷம் சாகாம கெடக்கும், மரத்த மொத்தமா வெட்டி வெயில் விழுந்தாலோ தீ பட்டாலோ கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமா முளைச்சு வந்துரும். கற்பூரம் வெட்டுன கட்டையிலயே துளிர்க்கும், முதுமலையில மஞ்சக்கொன்றைங்கற அந்நிய மரமும் அப்படித்தான். வெட்டி லாரில ஏத்துனதோட வேலை முடிஞ்சதுன்னா கொஞ்ச வருஷத்துல முன்ன இருந்தத விட மோசமாத்தான் நிக்கும்.

எல்லா எடத்துக்கும் ஒரே முறையும் சரி வராது. சோலை (மலை மடிப்புல இருக்கற இயற்கைக் காடு) ஓரமா இருக்கற பழைய சீகைத் தோட்டத்துக்குள்ள போய் பாருங்க, நிழல்ல சோலைக் கன்னுங்க தானா எழும்பிட்டு இருக்கும், அங்க மொத்தமா வெட்டுனா உறைபனியில அந்த கன்னெல்லாம் கருகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலைச்சுதான் எடுக்கணும். புல்வெளியில இப்பத்தான் பரவுற எடத்துல கன்னா இருக்கும்போதே வேரோட புடுங்கிரணும், செலவும் கம்மி, புல்லும் பொழைக்கும்.

2022-லயே அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு கொள்கை போட்டாச்சு. இனிமே டெண்டர் விடும்போது, மழை முடிஞ்சதும் வருஷா வருஷம் முளைப்பு புடுங்கறதையும் சேர்த்து எழுதுங்க, மரம் வித்த காசுல ஒரு பங்க அதே மலைச்சரிவுக்கு ஒதுக்குங்க, அந்த வேலைய தோடர், குறும்பர், இருளர் ஜனங்களுக்கு கூலியோட குடுங்க. இன்னொண்ணு, மாநிலத்துல 33 சதவீதம் பசுமைப் பரப்புன்னு டார்கெட் இருக்கறதுக்காக மேல்மலைப் புல்வெளியில மரக்கன்னு நட வேணாம்னு வனத்துறைய கேட்டுக்கறேன். தயவுசெஞ்சு உங்க நிருபர ஏற்கனவே வெட்டுன எடத்துக்கு ஒரு தடவை அனுப்பி போட்டோவோட போடுங்க.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்