முதலில் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்காமல் நாலு பேரோடு பழக வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், சரிதான், ஆனால் பழகிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று நிறுத்திக்கொள்கிறார் என்று யாராவது கேட்கிறார்களா?

என் கணவருக்கு 71 வயது. விடிந்தால் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை, அப்புறம் நண்பர்களோடு படிக்கட்டில் அரட்டை, காபி. போன வருஷம் அதை விட்டுவிட்டார். முட்டி வலி என்றார், நானும் நம்பினேன். ஒரு கல்யாணப் பந்தியில்தான் விஷயம் புரிந்தது. "பையன் எங்க இருக்கான்?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்க, இவர் "போதும், போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார், மோர் கூட வாங்கவில்லை. முட்டி அல்ல, காது!

வயதானால் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் பெரும்பாலும் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார். பேசுவது கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது, அதனால் கத்தினாலும் பெரிய பயன் இல்லை. நானோ ஒரு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

மறதி நோயைத் தள்ளிப்போட மாற்றக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 14 சொன்னது. காது மந்தமும் ஆள்பழக்கம் குறைவதும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒன்றுதான் இன்னொன்றைக் கூட்டிவந்தது.

காது மெஷின் வாங்கினோம். முதல் வாரமே கழற்றி பீரோவில் வைத்துவிட்டார், ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தமெல்லாம் மண்டையைப் பிளக்கிறதாம். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அமைதியான அறையில் தினம் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் என்று பழக்கினோம். பழக இரண்டு மாதம் ஆனது.

வசதி இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், 60 வயதைத் தாண்டிய வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கும் காது மெஷின் இலவசம். 2017இலிருந்தே இருக்கிறது, எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதற்கான முகாம் எப்போது, எங்கே என்று உங்கள் பத்திரிகையில் முன்கூட்டியே போடுங்களேன்.

இவர் இப்போது மறுபடி குளத்துக்குப் போகிறார். நண்பர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், ஒரே நேரத்தில் எல்லாரும் பேசாதீர்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்