பல மரம் கண்ட தச்சன்

குன்னூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஐப்பசி மழை விடவில்லை. கரண்ட் இருந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் கரண்ட் இருக்காது என்று வீட்டுக்கு வீடு கூப்பிடுகிறார்கள். அதுதான் தாமதம்.

உன் பையன் ஐடிஐ முடித்துவிட்டு என்னோடு வந்து வேலை பழகுகிறேன் என்கிறானாம், உனக்கு இஷ்டமில்லையாம். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்று வேறு எழுதியிருக்கிறாய். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கிற எனக்குத்தான் அந்தக் குத்து என்று தெரியும், பரவாயில்லை.

நீ கோயமுத்தூர் கணபதியில் முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் மட்டும் செய்து வீடு கட்டிவிட்டாய். சுற்றிலும் பம்ப் கம்பெனி, லேத், ஃபவுண்டரி. இங்கே அப்படி ஒரு போர்டு மாட்டினால் மாதம் நாலு மோட்டார் வரும். ஒரே பங்களாவில் காலையில் கீசர், மத்தியானம் கதவுத் தாழ்ப்பாள், சாயங்காலம் கூரைத் தகரம் என்று பார்த்தால்தான் அடுப்பு எரியும்.

போன மே மாதம் உன் பையனை ரயில் ஷெட் பக்கம் கூட்டிப்போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலின் நீராவி எஞ்சின் கல்லாறு வரை சாதாரணச் சக்கரத்திலேயே ஓடிவரும். அதற்கு மேல் 12 அடிக்கு ஓரடி வரை ஏற்றம். தண்டவாளத்து நடுவில் இருக்கும் பல்லைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும், அதற்கென்றே தனி சிலிண்டர். 1899-லிருந்து அதே முறைதான். குன்னூரில் கழற்றிவிட்டு ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள், மேலே பல் கிடையாது. 'அப்போ இதுக்கு ரெண்டு வேலையும் தெரியும்தானே மாமா?' என்றான். உன் பிள்ளைதானே, வாய் இருக்காதா!

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஓர் அரை ஹெச்பி மோட்டாருக்கு நானே காயில் சுற்றினேன். சுற்றுக் கணக்கும் கம்பித் தடிமனும் சரி. காயில் மேல் பூசிய வார்னிஷை மட்டும் குண்டு பல்பு வெளிச்சத்தில் காயவைத்தேன், இந்த ஈரத்தில். இரண்டே வாரத்தில் புகைந்துவிட்டது. நீ அடுப்பில் வைத்து எடுப்பாய், முகர்ந்தே பதம் சொல்வாய். நான் எதையும் யாரிடமும் முழுசாகக் கற்றதில்லை மாப்ளே. பார்த்துப் பார்த்தே பழகினேன். அதனால் என் வேலை எந்த இடத்தில் அரைகுறை என்பது, புகை வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது.

அதனால் சொல்கிறேன், இரண்டு வருஷம் அவனை உன் கடையிலேயே உட்காரவை. கருகிய காயிலைப் பார்த்ததும் சுவிட்ச் கோளாறா லோடு கோளாறா என்று சொல்லட்டும். அப்புறம் இங்கே அனுப்பு. தாழ்ப்பாளும் தகரமும் ஆறு மாதத்தில் பழகிவிடும். அவன் வந்தால் எனக்கும் ஏணி பிடிக்க ஆள் ஆச்சு, முட்டி ஒத்துழைப்பதில்லை.

புகைந்த அந்த மோட்டாரை நேற்று மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உனக்குப் போட்டுவிட்டேன். யார் சுற்றியது என்று கடைப் பையன்களிடம் சொல்லாதே. சீக்கிரம் முடித்து அனுப்பு, வீட்டுக்காரர் தினமும் போன் செய்கிறார்.

உன்,
குன்னூர்க்காரன்