மலைச்சாலைப் பயணம் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டுவிட்டது, என் முழங்கால் வலிதான் விடவில்லை. அது கிடக்கட்டும். டிசம்பரில் பேரப்பிள்ளைகளோடு போர்ட்லண்டிலிருந்து மலை வழியாகக் கடற்கரைக்குக் காரில் போகப்போவதாக எழுதியிருக்கிறாயே, படித்ததும் எனக்கு அமெரிக்காவில் பனியில் மாட்டிக்கொண்டு இறந்துபோன ஜேம்ஸ் கிம் ஞாபகம் வந்துவிட்டது.

2006 நவம்பர் 25. கிம், அவர் மனைவி, நாலு வயதுப் பெண், ஏழு மாதக் கைக்குழந்தை. போர்ட்லண்ட் இருக்கிற அதே ஓரிகன் மாநிலத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பேர் கேம்ப் மலைச்சாலையில் ஏறி, இருட்டில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். போன் பேச வழியில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் குளிர் காய்ந்தார்கள். பிறகு டயரைக் கழற்றி எரித்தார்கள். அந்த அம்மா இரண்டு பிள்ளைகளுக்குமே தாய்ப்பால் கொடுத்தாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, டிசம்பர் 2 அன்று கிம் உதவி தேடி நடந்தார். 4ஆம் தேதி ஒரு ஹெலிகாப்டர் கண்ணில் பட்டு மற்ற மூவரும் பிழைத்தார்கள். 6ஆம் தேதி ஓர் ஓடைப் பள்ளத்தில் அவர் உடல் கிடைத்தது.

காரை விட்டுப் போயிருக்கக் கூடாது என்பார்கள். சரிதான். ஆனால் ஏழு நாளாகியும் ஓர் ஆள் வரவில்லை என்றால் பிள்ளை பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

2013 டிசம்பரில் நெவாடாவில் இன்னொரு குடும்பம், நாலு குழந்தைகளோடு ஆறு பேர். ஜீப் கவிழ்ந்துவிட்டது, கடுங்குளிர். தீ மூட்டி, கற்களைச் சூடாக்கி வண்டிக்குள் வைத்துக்கொண்டு, அங்கேயே கிடந்தார்கள். இரண்டே நாளில் ஆறு பேரும் கிடைத்துவிட்டார்கள். பனியில் விளையாடப் போனவர்கள் இரவாகியும் திரும்பவில்லை என்று அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டார்களாம். கிம் குடும்பத்தைக் காணோம் என்பதே சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. எனக்கென்னவோ எல்லாம் இதில்தான் இருக்கிறது என்று படுகிறது. யாராவது தேடுவார்கள் என்று தெரிந்தால்தானே காத்திருக்க மனம் வரும்?

அதனால் எந்தச் சாலை, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்பச் சொல் உன் பையனிடம். மேப் காட்டுகிற குறுக்குவழி வேண்டவே வேண்டாம். அப்புறம், பனியில் நின்று எஞ்சினை ஓடவிட்டால் புகைக்குழாயைப் பனி அடைக்காமல் பார்க்கணும், நச்சுப்புகை உள்ளே வந்துவிடும்.

மருமகளையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று எழுது.

அன்புடன்,
ராமு