மாநில மகளிர் கூடைப்பந்து அணித் தேர்வு தொடர்பாக மூன்றாம் முறையாக ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், பினாங்கு.

அனுப்புநர்:
தேர்வாட்டத்தில் கலந்துகொண்ட 17 வயது ஆட்டக்காரி ஒருவரின் தந்தை, பிறை. (பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பொருள்: அணிக்கான 12 பேர் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும், விடுபட்டவர்களுக்கு ஓர் ஆட்டம் தருமாறும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து இதற்கு முன் இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். முதலாவதைத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. இரண்டாவதை நேரில் கொண்டுவந்து முகப்பிடத்தில் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கிக்கொண்டேன். நான்கு மாதங்களில் எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துப்பூர்வமான பதில் அந்த முத்திரைதான். தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பதை அறிவேன். இருந்தும் தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படிக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தாமான் தங்களுக்குப் புதிய இடமல்ல. அடுக்குமாடிக்குப் பின்புறம் இருக்கும் கூடைப்பந்து மைதானத்தைத் தாங்கள்தான் வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தீர்கள். அன்று ஒரு சிறுமி ஓடிவந்து தங்கள் கையில் பந்தைக் கொடுத்து, "முதல் பந்து நீங்கள் போடுங்கள்" என்றாளே, அவள்தான் என் மகள். (அன்று மாட்டிய இரண்டு விளக்குகளில் ஒன்று இப்போது எரிவதில்லை. அதை இங்கே சேர்க்கவில்லை. அது வேறு மனு.)

1. என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் காற்பந்துக்கோ பூப்பந்துக்கோதான் போவார்கள். இவளைக் கூடைப்பந்துக்கு இழுத்து, பந்தைப் பிடிக்கும் விதத்தையே சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர். ஆகவே இதை யாரும் இன விவகாரமாகத் திருப்பிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. தேர்வாட்டம் பினாங்குத் தீவில் இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமை வேன் கிடையாது என்பதால் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி அவளை அழைத்துவந்தேன். அவள் ஆடும் ஆட்டங்களை 555 புத்தகத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். அந்த இரண்டு சனிக்கிழமைகளில் நடந்த நான்கு ஆட்டங்களில், கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 31 பந்துகளை என் மகள் பிடித்தாள். எதிரணியில் ஆக உயரமான பெண்ணை இவள்தான் மறித்தாள். அந்தப் பெண் ஓர் ஆட்டத்தில் நான்கு புள்ளிகளுக்கு மேல் எடுக்கவில்லை. இது தகப்பன் எழுதிய கணக்கு, கூடக்குறைய இருக்கலாம். அதனால்தான் தங்கள் தேர்வுக் குழுவின் கணக்கைக் கேட்கிறேன். அவர்களிடம் கணக்கு இருக்கிறது அல்லவா?

3. தேர்வாட்டத்துக்கு வந்தவர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, உயரம், பள்ளி, ஆடும் இடம், ஜெர்சி அளவு. அதற்குக் கீழே ஒரு கட்டம்: சமூக ஊடகங்களில் பின்தொடர்வோர் எண்ணிக்கை. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளதை எழுது" என்றேன். 43 என்று எழுதினாள். அந்த 43 பேரில் என் தங்கை இருக்கிறாள், என் மனைவியின் அண்ணன் குடும்பம் மொத்தமும் இருக்கிறது, கிள்ளானில் உள்ள ஒரு முறுக்குக் கடையும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் எண் கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் நீண்டிருந்தது. முதல் சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம் ஆடினாள். மறுவாரம் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பத்து நாள் கழித்துப் புலனக் குழுவில் வந்த 12 பெயர்களில் முதல் பெயர் அவளுடையது.

அந்தப் பிள்ளையைக் குறைசொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பட்டியல் வந்த அன்று என் மகளுக்கு அவள்தான் முதலில் செய்தி அனுப்பி, தனக்கே சங்கடமாக இருக்கிறது என்று எழுதினாள். கட்டத்தை வரைந்தது அவளல்ல.

4. இரண்டாவது மனுவைக் கொடுத்த அன்று முகப்பிடத்தில் இருந்த ஒருவர், இரக்கப்பட்டோ அலுத்துப்போயோ, வாய்மொழியாக ஒரு பதில் சொன்னார். "அமெரிக்காவிலேயே ஊரெல்லாம் பார்க்கத் துடித்த பெண்ணை ஒலிம்பிக்குக்கு எடுக்காமல் விட்டு எவ்வளவு பேச்சு வாங்கினார்கள் தெரியுமா? அந்தத் தப்பை நாங்களும் செய்ய வேண்டுமா?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். சோறு ஆறிப்போகும் வரை சொன்னாள்.

அவர் குறிப்பிட்டது கேட்லின் கிளார்க் என்ற ஆட்டக்காரியை. அயோவா பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளிகள் எடுத்தவர். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. 2024 ஏப்ரலில் அவர் ஆடிய கல்லூரி இறுதியாட்டத்தைச் சராசரியாக 18.9 மில்லியன் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்துக்குக்கூட அத்தனை பேர் இல்லை. ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றுப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அறிவித்த 12 பேரில் அவர் பெயர் இல்லை. ஊரே கொதித்தது. தேர்வுக் குழுத் தலைவர் ஜெனிஃபர் ரிசோட்டி பத்திரிகைக்காரர்களிடம் காரணம் சொன்னார்: எத்தனை பேர் வந்து பார்ப்பார்கள் என்று முடிவு செய்வது குழுவின் வேலையல்ல, அணியின் ஆட்டத்துக்கு யார் உதவுவார் என்பதைத்தான் பார்த்தோம் என்றார்.

அந்த 12 பேரும் மாசுமருவற்ற தேர்வு என்று நான் வாதாடவில்லை. 42 வயது டயானா டொராசி அதில் இருந்தார். இறுதியாட்டத்தில் ஒரு நிமிடம்கூடக் களமிறங்காமல் ஆறாவது தங்கத்தை வாங்கினார். புதிய புகழுக்கு இடமில்லை என்றவர்கள் பழைய புகழுக்கு இடம் கொடுத்துவிட்டார்களோ என்று கேட்க நியாயம் உண்டு. கிளார்க்கும் வெறும் கூட்டம் சேர்க்கிறவர் அல்ல. அதே ஆண்டு ஜூலையில் ஒரே ஆட்டத்தில் 19 முறை பந்தை வழங்கி மற்றவர்களைப் புள்ளி எடுக்க வைத்து, அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கின் சாதனையை முறியடித்தார். அவரை எடுத்திருக்கலாமா கூடாதா என்பது விவரம் தெரிந்தவர்களே இன்னும் முடிக்காத வழக்கு.

ஆனால் பாரிசில் நடந்தது என்ன? ஆகஸ்ட் 11 அன்று இறுதியாட்டத்தில் அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி நொடியில் பிரான்சின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அவர் கால் நுனி மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் அதற்கு இரண்டே புள்ளி. அந்த ஒரு புள்ளியில்தான் அமெரிக்கப் பெண்களுக்குத் தொடர்ந்து எட்டாவது தங்கம் கிடைத்தது. வெல்வதும் தோற்பதும் கால் நுனி அளவில் இருக்கும் ஆட்டத்தில், கணுக்காலில் கட்டுப் போட்டவருக்கு முதல் இடம் கொடுத்துவிட்டு அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறார்கள், ஐயா! அமெரிக்காவில் எடுக்காமல் விட்டதற்குக்கூடக் காரணம் சொன்னார்கள். இங்கே எடுத்ததற்கும் காரணம் இல்லை, விட்டதற்கும் காரணம் இல்லை.

நம் நாட்டுக் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில்) நம் பெண்கள் தங்கம் வென்றார்கள். 2019இலும் 2022இலும் அது பிலிப்பீன்சுக்குப் போனது, 2023இல் இந்தோனேசியாவுக்குப் போனது. மாநில அணியிலிருந்துதான் நாட்டுக்கு ஆள் போக வேண்டும்.

5. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதற்காகத்தான் மூன்றாம் முறையும் பேனாவை எடுத்தேன் என்பதால் எழுதிவிடுகிறேன்.

என் மகள் தினமும் மாலை மைதானத்தில் 200 பந்து போடுவாள். வலையில்லாத இரும்பு வளையம் அது. பந்து சுத்தமாக விழுந்தால் சத்தமே வராது, பட்டு விழுந்தால் 'டங்' என்று கேட்கும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, விழுந்ததற்கு ஒரு கோடு, விழாததற்கு ஒரு புள்ளி என்று 555 புத்தகத்தில் போட்டுக்கொண்டே வருவேன். எதிர்வீட்டுப் பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கை விலகினால் மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார். மழை நாளும் பரீட்சை நாளும் போக, நான்கு வருடத்துக் கோடுகள் என்னிடம் இருக்கின்றன. முதல் வருடம் 200க்கு 70 தேறாது. இந்த வருடத் தொடக்கத்தில் 150க்குக் குறைந்த நாள் அபூர்வம். அந்தப் புத்தகங்களில் நான்கு பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.

பட்டியல் வந்த பிறகு பத்து நாள் அவள் கீழே இறங்கவில்லை. பதினோராம் நாள் பந்தை எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "புத்தகம் வேண்டாம் அப்பா, கைத்தொலைபேசியைப் பிடியுங்கள்" என்றாள். பிடித்தேன். ஒரே இடத்திலிருந்து மறுபடி மறுபடி எறிந்தாள். விழாததை அங்கேயே அழித்தாள். வெளிச்சம் சரியில்லை என்று, எரிகிற விளக்கின் பக்கம் நகர்ந்து நின்றாள். அது அவள் ஆடும் பக்கமே அல்ல. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்து, "இன்னொரு முறை அப்பா" என்றாள். நான், "முழங்கை விலகுகிறது, அங்கே பெரியவர் கையைத் தூக்குகிறார் பார்" என்றேன். அதற்கு அவள் சொன்னது இது: "பந்து உள்ளே விழவேண்டிய அவசியமில்லை அப்பா. விழுகிற மாதிரி தெரிந்தால் போதும். மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம்."

பெரியவர் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஐயா, மாநில அணியில் இடம் கிடைக்காதது வருத்தம்தான். 12 இடத்துக்கு நாற்பது பிள்ளைகள் வந்தால் 28 பேர் அழத்தான் வேண்டும். அது விளையாட்டு. ஆனால் நான்கு வருடம் உண்மையான கணக்கோடு வளர்ந்த பிள்ளைக்கு ஒரே ஒரு கட்டம் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. இன்றைக்கு அவளைப் பின்தொடர்வோர் 212 பேர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. என் 555 புத்தகத்தில் மார்ச் மாதத்துக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. இதற்கு யாரிடம் போய் மனுக் கொடுப்பது? தங்களிடம்தான் கொடுக்கிறேன். மூன்றாம் முறை கொடுக்கிறேன்!

6. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பதும், அதில் மாநிலப் பிரதிநிதிக்கு மதிப்பு அதிகம் என்பதும் தங்களுக்குத் தெரியும். அதைப் பெரிதாக எழுத எனக்கு இப்போது மனமில்லை.

7. முகப்பிடத்தில் இனி யாரும் எனக்கு அமெரிக்கக் கதை சொல்ல வேண்டாம்.

கோபத்தில் வரம்பு மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல.

அ) தேர்வாட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்ட மதிப்பெண் தாளைப் பெற்றோருக்குக் காட்டச் சொல்லுங்கள். என் மகளுக்குக் குறைவாக இருந்தால் அதை அவள் கண்ணால் பார்க்கட்டும். எதில் குறைவு என்று தெரிந்தால் அங்கே உழைப்பாள்.

ஆ) படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆள் சேர்க்க வேண்டுமானால் அதற்கு விளம்பரப் பலகை இருக்கிறது.

இ) இதுதான் முக்கியமானது. 2024 ஜூலை 20 அன்று ஃபீனிக்ஸ் நகரில் அந்த ஒலிம்பிக் அணி பாரிசுக்குப் போகுமுன் ஓர் ஆட்டம் ஆடியது. எதிர்த்து ஆடியது லீக்கின் மற்ற நட்சத்திரங்களின் அணி. கிளார்க்கும் அதில் இருந்தார். ஒலிம்பிக் பட்டியலில் இடம்பெறாத அரிகே ஒகுன்போவாலே மட்டும் 34 புள்ளி எடுத்தார். மற்றவர்கள் 117, ஒலிம்பிக் அணி 109. அதனால் பட்டியல் மாறிவிடவில்லை, யாருடைய மானமும் போய்விடவில்லை. விடுபட்டவர்கள் வாயால் பேசாமல் பந்தால் பேச ஒரு மாலை கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தேர்வான 12 பேர் ஒரு பக்கம், விடுபட்ட 12 பேர் மறுபக்கம். தாங்களே வந்து பார்க்க வேண்டும். அன்று யார் கையிலும் கைத்தொலைபேசி வேண்டாம். தோற்றால் நான் இந்த மூன்று மனுக்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் தெரிவியுங்கள், ஐயா. முதல் ஃபெர்ரியில் வந்துவிடுவோம். பெரியவரையும் அழைத்துவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மனுதாரர்

இணைப்பு: முத்திரையிடப்பட்ட இரண்டாவது மனுவின் நகல், 555 புத்தகத்தின் நான்கு பக்கங்கள்.